எந்தக் காற்று என்று எழுதாத வரி

சேகர் அண்ணன் அன்று என்னிடம் ஏதாவது கேட்டாரா?

டிரைவரான அவரிடம் பட்டறையில் வண்டியை ஒப்படைத்த நாள் அது. நான் எழுதிக் கொடுத்த தாளை நின்றபடியே படித்தார். தலை நிமிர்ந்து வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து என் மேசைத் தொலைபேசி அடித்தது. ஸ்கேன் எடுக்க எப்போது வருகிறேன் என்று மருத்துவமனையிலிருந்து கேட்டார்கள். நான்கு மாதக் கர்ப்பம். பேசி முடித்துத் திரும்பியபோது அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். "வர்றேன் மேடம்" என்றார். அதற்கு முன் ஏதாவது கேட்டாரா, நான்தான் தொலைபேசியைப் பொத்திக்கொண்டு "ஆமாண்ணா" என்று சொல்லிவிட்டேனா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். ஒரு நாள் கேட்டது போலவும் மறுநாள் கேட்காதது போலவும் தோன்றுகிறது.

இந்தப் பத்திரிகையின் இந்தப் பகுதியில் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களே தங்கள் வேலை நாட்களைப் பற்றி எழுதுகிறார்கள். எனக்கு முப்பத்தொரு வயது. இரண்டரை வயதில் ஒரு மகள். வேலையை விட்டு மூன்று வருடமாகிறது. என்னைப் போன்றவளுக்கு இங்கே இடம் உண்டா என்று தெரியவில்லை. ஆனால் என் இடத்தில் இப்போது உட்கார்ந்திருக்கும் பவித்ரா என்ற பெண் போன மாதம் ஒரு கேள்வி கேட்டாள். அதற்குப் பதில் சொல்லப் போய், எழுதியே ஆக வேண்டியதாகிவிட்டது.

வேலூரில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்தேன். வகுப்பில் நாங்கள் இரண்டு பெண்கள். மற்றவள் வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டாள். நான் ஓராண்டு வீட்டில் இருந்துவிட்டு, ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த கரீம் பாயின் சஸ்பென்ஷன் பட்டறையில் சேர்ந்தேன். லாரி, பிக்கப், வேன் எதுவானாலும் சக்கரத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இருப்பதை மட்டும் பார்க்கும் பட்டறை. வருகிறவர்களிடம் விவரம் கேட்டு எழுதுவதும், அளப்பதும், வேலை முடிந்ததும் எப்படி ஓட்ட வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுப்பதும் என் வேலை. ஆறு வருடம் செய்தேன்.

சேர்ந்த புதிதில் ஒரு தோல் வியாபாரியிடம் "எவ்ளோ லோடு ஏத்துவீங்க?" என்று மட்டும் கேட்டு எழுதிவிட்டேன். ஒரு டன் என்றார். அதற்கேற்ப எல்லாம் போட்டு அனுப்பினோம். நாலு மாதத்தில் சக்கரத்துக்கு மேலிருக்கும் ஸ்பிரிங் பட்டைகளைப் பிடிக்கும் கிளிப் அரித்துப்போய்த் திரும்பி வந்தார். அவர் ஏற்றியது உப்புப் போட்ட பச்சைத் தோல். வழியெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டியிருக்கிறது. கரீம் பாய் என்னைத் திட்டவில்லை. படிவத்தில் "எவ்வளவு" என்ற சொல்லுக்கு முன்னால் "என்ன" என்று தன் கையால் எழுதிச் சேர்த்துவிட்டுப் போனார். எதைப் பற்றிக் கேட்கிறோம் என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொள்வது என் பழக்கம் என்று அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கரீம் பாயின் பழக்கம் வேறு. வண்டிக்காரர் எவ்வளவு அவசரப்பட்டாலும் முதலில் பேச மாட்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக விடுவார். டேப்பை என்னிடம் நீட்டி, "மொதல்ல அள" என்பார். சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளக்க வேண்டும். நாலு சக்கரம். வெறும் வண்டியாக ஒரு முறை, ஆள் உட்கார்ந்து ஒரு முறை, டிரெய்லர் இருந்தால் மாட்டி ஒரு முறை. பன்னிரண்டு எண்ணும் தாளில் ஏறிய பிறகுதான், "நம்பர் வந்துச்சா? இப்ப பேசலாம்" என்பார்.

சேகர் அண்ணனின் வண்டியும் அப்படித்தான் வந்தது. ஓர் அறக்கட்டளையின் நடமாடும் மருத்துவ வண்டி. நாலு சக்கரமும் இழுக்கும் பிக்கப். பின்னால் ஒற்றை அச்சு டிரெய்லர், அதற்குள் கண், பல் பரிசோதனைக் கருவிகள், ஜெனரேட்டர். வாரத்தில் நாலு நாள் ஜவ்வாது மலைக்குப் போகும். தார் ரோடு முடிகிற ஊரின் பள்ளி மைதானத்தில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, நர்ஸையும் மருந்துப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வண்டி மட்டும் கல் பாதையில் மேலே இருக்கும் ஊர்களுக்குப் போகும்.

சேகர் அண்ணன் திமிரிக்காரர். பத்து வருடம் டிராக்டர் ஓட்டிவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். வந்ததும் சொன்னார்: "பாய், டிரெய்லர் மாட்டுனா பின்னாடி குந்திக்கிது. ரெண்டு பட்டை ஜாஸ்தி போட்டு டைட் பண்ணிடுங்க."

அவருடன் வந்த அறக்கட்டளை மேலாளர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். நாலு அங்குலம் தூக்கி, பெரிய டயர் போட்ட பிக்கப். "இந்த மாதிரி தூக்கிட்டா கல்லு எதுவும் தட்டாதுல்ல?"

நான் அளந்தேன். டிரெய்லர் மாட்டியதும் பின்பக்கம் மூன்று அங்குலம் இறங்கியது. கரீம் பாய் அந்த எண்ணைப் பார்க்கவே இல்லை. முன்சக்கரத்து எண்ணில் விரலை வைத்தார். அங்கே ஓர் அங்குலம் ஏறியிருந்தது.

"பின்னாடி எறங்கறது எல்லாருக்கும் தெரியும். முன்னாடி ஏறுது பாரு, அதான் பேஜார். ஸ்டியரிங்கும் பிரேக்கும் அந்தச் சக்கரத்துலதான கீது?"

பிறகு மேலாளரைப் பார்த்துச் சிரித்தார். "சார், நீங்க ஒரு வண்டி கேக்கறீங்க, இவரு ஒரு வண்டி கேக்கறாரு. எங்கிட்ட நிக்கறது ஒண்ணுதான்."

அவர் சொன்னதை என் மொழியில் எழுதுகிறேன். பின்சக்கரத்துக்கு மேல் வில் போல வளைந்து அடுக்காக இருப்பவை பட்டைகள். இரண்டு பட்டை கூட்டினால் டிரெய்லரின் பாரத்தைத் தாங்கும். ஆனால் டிரெய்லரைக் கழற்றிய பிறகு அந்த விறைப்பு அப்படியே இருக்கும். கல் பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி மண்ணைப் பிடிக்க வேண்டும். விறைத்த பட்டை அதை இறங்க விடாது, சக்கரம் அந்தரத்தில் சுற்றும். உள்ளே இருப்பவர்களின் முதுகுத்தண்டுதான் மீதியைத் தாங்கும். சரி, நாலு அங்குலம் தூக்கினால்? கல் தட்டாது. ஆனால் டிரெய்லர் மாட்டும் கொக்கியும் நாலு அங்குலம் ஏறும். மூக்கைத் தூக்கிக்கொண்டு வரும் டிரெய்லர் மலை வளைவுகளில் ஆட ஆரம்பிக்கும்.

"வாரத்துல எத்தினி கிலோமீட்டர் இழுக்கற, எத்தினி கிலோமீட்டர் கல்லு மேல போற?" என்று சேகர் அண்ணனைக் கேட்டார்.

"ஒரு நாளைக்கு ரோட்ல நூறு வரும் பாய். கல்லுல ஒரு ஒம்போது."

"அப்ப நூறுக்குப் போட்டுடலாமா?"

"அந்த ஒம்போதுலதான் பாய் இடுப்பு கழண்டுபூடுது."

கரீம் பாய் வண்டியையும் டிரெய்லரையும் எடை மேடைக்கு அனுப்பினார். கொக்கியின் மேல் அழுத்தும் பாரம் தேவைக்கு மேல் இருந்தது. ஜெனரேட்டரை டிரெய்லரின் மூக்குப் பக்கம் வைத்திருந்தார்கள். அதை அச்சுக்கு நேர் மேலே நகர்த்தச் சொன்னார். ஓர் இரும்பு அலமாரியை இறக்கச் சொன்னார். "ஸ்பிரிங் போட்டா வண்டி நேரா நிக்கும். அதுக்காக கம்பெனி போட்ட அளவுக்கு மேல ஏத்திக்கலாம்னு அர்த்தம் இல்ல சார்." மேலாளருக்கு முகம் சுருங்கியது. பாய் கண்டுகொள்ளவில்லை.

கடைசியில் முடிவானது இது. பழைய பட்டை அடுக்கு அப்படியே இருக்கும், களைத்துப்போன ஒன்றை மட்டும் மாற்றுவது. நல்ல ஷாக் அப்சார்பர் நாலு. தூக்குவது ஒன்றரை அங்குலம் மட்டும். கொக்கியை அதே ஒன்றரை அங்குலம் கீழே இறக்குவது. பின்பக்கம் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் இரு புறமும் ரப்பர் காற்றுப் பைகள். டிரெய்லர் மாட்டும்போது பைகளில் காற்றை ஏற்றினால் வண்டி நிமிரும். கழற்றியதும் காற்றைக் குறைத்தால் பட்டை தன் இயல்புக்குத் திரும்பி வளைந்து கொடுக்கும். இரண்டு பைக்கும் ஒரே குழாய் போதுமே, ஒரு வால்வு மிச்சம் என்று நான் கேட்டேன். "சரிவுல வண்டி சாஞ்சா ஒரு பையில கீற காத்து இன்னொண்ணுக்கு ஓடிடும், இன்னும் சாயும்" என்றார். இரண்டு குழாய், இரண்டு வால்வு, நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில். டயரில் இருக்கும் அதே மாதிரி வால்வு. டயருக்குக் காற்று பார்க்கும் அதே மீட்டர்.

எல்லாம் போட்டு மறுபடி அளந்தேன். டிரெய்லர் மாட்டிய பிறகும் முன்பக்கம், மாட்டுவதற்கு முன் இருந்த உயரத்திலிருந்து ஒரு விரல் கனத்துக்கு மேல் மாறவில்லை. அன்று எனக்கு வந்த பெருமை இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு வண்டியின் வேலையை ஒரு வண்டியைச் செய்ய வைத்துவிட்டோம்.

பிறகு தாளை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் "ஏர்பேக்கில் காற்றைக் குறைக்கவும்" என்று எழுதினேன். பட்டறையில் நாங்கள் அதை ஏர்பேக் என்றுதான் சொல்வோம். எழுதிய பிறகு சந்தேகம் வந்தது. முந்தைய நாள்தான் மேலாளர், "ஏர்பேக்னா ஸ்டியரிங்ல இருந்து வெடிச்சு வருமே, அதா?" என்று கேட்டிருந்தார். பைகள் போட்டபோது பட்டறையில் இல்லாத டிரைவரும் அப்படி நினைத்து ஸ்டியரிங்கைக் குடைந்துவிட்டால்? தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன்: "டிரெய்லரைக் கழற்றிவிட்டுக் கல் பாதையில் போகும்போது பின்பக்கக் காற்றைப் பத்துக்குக் குறைக்கவும். டிரெய்லர் மாட்டியதும் மீண்டும் ஏற்றவும்." படித்துப் பார்த்தேன். சுருக்கமாக, தெளிவாக இருப்பதாகப் பட்டது. கரீம் பாய் படித்துக் கையெழுத்துப் போட்டார். அடியில் இருந்த கார்பன் நகல் என் கோப்பில் தங்கியது.

டிராக்டரின் பெரிய டயருக்குச் சேற்றில் பத்து, பன்னிரண்டுதான் காற்று வைப்பார்கள். பத்து என்ற எண்ணைப் பார்த்ததும் சேகர் அண்ணனுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. வேறு யாராக இருந்தாலும், நாற்பதுக்குக் குறையாமல் வைக்கும் பிக்கப் டயருக்குப் பத்தா என்று கேட்டிருப்பார்கள். பத்து வருடம் டிராக்டர் ஓட்டியவர் கேட்கத் தேவையில்லை.

மூன்றாவது வாரம் அது நடந்தது. மேலே போகும்போது பின் டயர்கள் இரண்டையும் பத்துக்கு இறக்கியிருக்கிறார். வண்டி கல்லைக் கவ்விக்கொண்டு ஏறியதாம், அவருக்கே சந்தோஷமாம். திரும்பி வந்து டிரெய்லரை மாட்டினார். கையிலிருந்த சின்ன பம்பு மெதுவாக ஏற்றியது. மழை கட்டிக்கொண்டு வந்தது. "மீண்டும் ஏற்றவும்" என்று எழுதிய நான் எவ்வளவுக்கு என்று எழுதவில்லை. இருபது வந்ததும் போதும் என்று கிளம்பிவிட்டார். இறக்கத்தில் மூன்றாவது வளைவில் இடது பின் டயர் ரிம்மை விட்டுக் கழன்றது. டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளியது. பள்ளத்துப் பக்கம் போன வண்டியை அவர் மலைப் பக்கம் ஒடித்துக் கால்வாயில் இறக்கினார். உள்ளே இருந்த நர்ஸ் ஸ்டெல்லா சிஸ்டருக்கு இடது காறை எலும்பு உடைந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

விசாரணையில் சேகர் அண்ணன் சொன்னது ஒரே வரி: "காத்து கம்மியா வுட்டுட்டு ஓட்டுனேன், என் தப்புதான்." வேலையை விட்டு நிறுத்தினார்கள். எங்கள் பட்டறைக்கு வந்து யாரும் எதுவும் விசாரிக்கவில்லை.

கரீம் பாய் நகலை எடுத்துவரச் சொன்னார். வரியின் மேல் விரலை மெல்ல ஓட்டினார். "எந்தக் காத்துன்னு எழுதல" என்றார். விரலைத் தன் கையெழுத்துக்கு நகர்த்தி, "நானும் படிச்சிட்டுத்தான கையெழுத்து போட்டேன்" என்றார். பிறகு, "அவங்க ஆபீஸ்ல நான் போய் சொல்லட்டா, நீ சொல்றியா?"

"நானே சொல்றேன் பாய்" என்றேன்.

சொல்லவில்லை. அடுத்த வாரம் என்று நினைத்தேன். ஸ்கேனில் நீர் குறைவு என்றார்கள், படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். பாப்பா பிறந்தாள். பிறகு இவ்வளவு நாள் கழித்து எப்படிப் போவது என்று ஆனது. குழந்தைக்காக வேலையை விட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. அந்த நகலைப் பாப்பாவின் தடுப்பூசி அட்டை இருக்கும் உறையிலேயே வைத்திருந்தேன். ஒவ்வொரு ஊசிக்கும் அதுவும் கூடவே வெளியே வரும்.

பவித்ரா போன மாதம் தொலைபேசியில் கேட்டது இதுதான். "அக்கா, அந்த டிரஸ்டுக்குப் புது வண்டி வருது. மறுபடி இழுக்கணும், மலையும் ஏறணும்னு கேக்கறாங்க. அதே மாதிரி ஏர்பேக் போடலாமா? நீங்க எப்படி எழுதிக் குடுத்தீங்க? ஆமா, பழைய டிரைவர் ஒருத்தர் வேலைக்குக் கேட்டு வந்தாராம். காத்து எறக்குன ஆளான்னு சிரிச்சு அனுப்பிட்டாங்களாம்."

நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

முதலில் கரீம் பாய்க்குப் போன் செய்து, நான் சொல்லவே இல்லை என்றேன். அந்தப் பக்கம் ஒரு ரெஞ்ச் கீழே விழும் சத்தம் கேட்டது. "மூணு வருஷமா நீ சொல்ட்டன்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். போனை வைத்துவிட்டார்.

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறித் திமிரிக்குப் போனேன். சேகர் அண்ணன் வயலோரம் டிராக்டரை நிறுத்திக் கலப்பையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னா மேடம், கொழந்தய தூக்கிக்கினு இவ்ளோ தூரம்?"

நகலைக் கொடுத்துச் சொன்னேன். அவர் அதைப் படித்து, "பையிலயா? நம்பர் பிளேட்டாண்ட இருந்துச்சே, அந்த வால்வா?" என்று கேட்டார். மூன்று வருடம் கழித்து, முதல் முறையாக அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. தொடை மேல் கையைத் தட்டிச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

"அன்னிக்கு நீங்க எங்கிட்ட எதாச்சும் கேட்டீங்களாண்ணா? போன் வந்துச்சே, அப்போ?"

"கேக்கணும்னு நெனச்சேனா, கேட்டேனா, தெரில மேடம். கேக்கலன்னா என் தப்புதான? வுடுங்க. இப்ப போய் சொன்னா உங்க பேரு கெட்டுப்பூடும். உங்கள மாட்டிவுட்டு எனக்கு அந்த வேல வேணாம்."

"நீங்க மாட்டிவிடலண்ணா. நான்தான் மூணு வருஷமா கழட்டிக்கினு நிக்கறேன்."

"வேல வேணுமா வேணாமா, அத மட்டும் சொல்லுங்க" என்றும் கேட்டேன்.

அவர் டிராக்டரைப் பார்த்தார். "மலைக்கு ஓட்டுனா மாதிரி வராது மேடம்" என்றார்.

மறுநாள் அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போனேன். பழைய மேலாளர் இப்போது இல்லை. நடமாடும் மருத்துவ வண்டிக்குப் பொறுப்பாளர் ஸ்டெல்லா சிஸ்டர். அதை நான் எதிர்பார்க்கவில்லை. வாசலிலேயே திரும்பிவிடலாமா என்று நினைத்தேன். பாப்பா என் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி உள்ளே ஓடிவிட்டாள். பின்னாலேயே போனேன்.

கிழித்துப்போட்ட முதல் தாளைப் பற்றியும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். எழுதியும் கொடுத்தேன். சிஸ்டர் நகலை இரண்டு முறை படித்தார்.

"மழ வந்தா இந்தத் தோளு வலிக்கும். வலிக்கும்போதெல்லாம் சேகரத்தான் திட்டுவேன். இனிமே உன்னத் திட்டறேன்."

"சரிங்க சிஸ்டர்."

"சரியாம்! மொதல்லயே வர்றதுக்கு இன்னா கேடு உனக்கு?" குரல் நிஜமாகவே கோபமாகத்தான் இருந்தது. பிறகு பாப்பாவின் கையிலிருந்து ஸ்டேப்ளரைப் பிடுங்கி மேலே வைத்தார். "அவன ஓட்டிக் காட்ட வரச் சொல்றேன். ஆனா ஒண்ணு. வண்டியில எழுதி வெக்கறத நீதான் எழுதணும். அவன் அத என் முன்னாடி சத்தமா படிச்சு, எந்த வால்வுன்னு தொட்டுக் காட்டணும். அப்பறம்தான் நான் ஏறுவேன்."

வெளியே வந்து கரீம் பாய்க்குப் போன் செய்து சொன்னேன். "வண்டி செவ்வாய்க்கெழம வருது. டேப் எடுத்துக்கினு வா" என்றார். "கொழந்தய?" என்றேன். "அதுவும் வந்து அளக்கட்டும்" என்றார்.

இனி என் வேண்டுகோள்.

தாள் கிழியும், நனையும், சட்டைப் பைக்குள் போய்விடும். அதனால் ஒவ்வொரு வால்விலும் ஒரு தோல் வில்லை கட்டப் போகிறோம். என் கணவர் வேலை செய்யும் ஷூ தொழிற்சாலையில் கழிவுத் துண்டில் எழுத்தை அழுத்திப் பதித்துத் தருவார்கள். மண்ணும் மழையும் அதை அழிக்காது. எண்ணைப் பின்பக்கம் பதித்துவிடலாம். முன்பக்கம் பெயர் வர வேண்டும். வில்லை கட்டைவிரல் அளவுதான், ஏழெட்டு எழுத்துக்கு மேல் இடமில்லை.

டயருக்கு "டயர்" போதும். பைக்கு என்ன எழுதுவது? ஏர்பேக் என்றால் ஸ்டியரிங் நினைவு வரும். "பைக் காற்று" என்று எழுதிப் பார்த்தேன், பவித்ரா அதை மோட்டார் பைக் என்று படித்தாள். சிவப்பு, நீலம் என்று நிறம் வைக்கலாம் என்று அவள் சொன்னதற்கு, "மண்ணு படிஞ்சா எல்லாம் ஒரே கலருதான்" என்றார் பாய். சேகர் அண்ணன் "மேல்காத்து, கீழ்காத்து" என்று போடச் சொன்னார். "மேல்காத்துன்னா ஆடி மாசம் அடிக்கறதாச்சே?" என்றார் ஸ்டெல்லா சிஸ்டர். நான் தனியாக யோசித்தால் மறுபடியும் ஒன்றை எழுதி, கிழித்து, அதைவிட மோசமாக ஒன்றை எழுதிவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் வண்டி ஓட்டுகிறவர்கள் இருப்பீர்கள். டிராக்டர், லாரி, வேன் எதுவானாலும் சரி. உங்கள் ஊரில் அந்தப் பைக்கு என்ன பெயர் சொல்கிறீர்கள்? எந்தச் சொல்லைப் பார்த்தால் உங்கள் கை யோசிக்காமல் சரியான வால்வுக்குப் போகும்? எழுதி அனுப்புங்கள். யாரும் வாயைத் திறந்து எந்தக் காற்று என்று கேட்கத் தேவையில்லாத ஒரு சொல்லாக அது இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து என் தொலைபேசி அடித்தாலும் பரவாயில்லாத ஒரு சொல்லாக.